மரத்தவளைக்கு இரையிடும் முறை

அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை ஆகிய பகுதிகளில் மரக்கறித் தோட்டம் செய்வோரும் வயல் விதைப்போரும் மரத்தவளையை நன்கு அறிவர். மழைக்கால இரவுகளில் நீர்த்தொட்டியின் விளிம்பிலும், போஞ்சிக் கொடி படர்ந்த தடிகளிலும், விளக்கெரியும் வாயிற்சுவரிலும் அது ஒட்டியிருக்கக் காணலாம். சிறுவர் அதனைப் பிடித்துப் போத்தலில் அல்லது தகரப்பெட்டியில் இட்டு வளர்க்க முற்படுதலும் உண்டு. சோறு, பாண், நறுக்கிய இலை முதலியவற்றை அவர் அன்புடன் இடுவர். தவளையோ அவற்றைத் திரும்பியும் பாராது மெலிந்து, சில கிழமைகளில் இறந்துவிடும்.

மரத்தவளைக்கு எவ்வாறு இரையிடல் வேண்டும் என்பதை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும். காயமுற்ற தவளையொன்றைச் சில நாள் பேண நேர்ந்தோருக்கும், அனுமதி பெற்று மாணவருக்குக் காட்டும் ஆசிரியருக்கும் இது பயன்படும். வயலும் தோட்டமும் உடையோருக்கு இதனிற் பெரிய பயனொன்று உண்டு. பெட்டியிலுள்ள ஒரு தவளையை உயிருடன் வைத்திருக்க எவை வேண்டுமோ, அவையே தோட்டத்திலுள்ள நூறு தவளைகளுக்கும் வேண்டும். அவற்றை அறிந்தவர் தம் நிலத்திற் கூலியின்றி உழைக்கும் ஓர் உயிரை இழக்கமாட்டார்.

எமது பகுதியின் மரத்தவளைகள்

வீடுகளை அண்டி வாழ்வனவற்றுள் முக்கியமானது முதுகில் உடுக்கை போன்ற குறியையுடைய மரத்தவளையாகும். இது இலங்கைக்கே உரிய இனம். பெண் தவளை ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் நீளம் வரை வளரும். ஆண் அதனினுஞ் சிறியது. பெண், நீருக்கு மேலாகவுள்ள கிளையிலோ தொட்டியின் சுவரிலோ பின்னங்கால்களால் நுரையை அடித்துத் திரட்டி, அந்நுரைக்கூட்டினுள் முட்டையிடும். சில நாட்களின் பின் வாற்பேத்தைகள் நுரையிலிருந்து நீரில் விழுந்து வளரும்.

மலைநாட்டின் உயர்ந்த குளிர்ப்பகுதிகளில் இதன் உறவினமான, குதிகாலிற் சிறு தோல்முனையுடைய மற்றொரு மரத்தவளையும் உண்டு. அதனையும் அதன் இனத்தாரையும் 2010ஆம் ஆண்டில் ஆய்வாளர் தனிச்சாதியாகப் பிரித்து, 'மரமேறி' என்னும் பொருள்பட 'தருகா' எனப் பெயரிட்டனர்.

இவையன்றி, தேயிலைச் செடிகளின் ஓரத்திலும் காட்டு விளிம்பிலும் வாழும் சிறு புதர்த்தவளைகளும் பல. இச்சாதியில் 70க்கு மேற்பட்ட இனங்கள் இலங்கையில் அறியப்பட்டுள்ளன. இவை நீரில் முட்டையிடுவதில்லை. ஈரமண்ணிலோ இலைகளிலோ இடப்படும் முட்டையினுள்ளேயே வளர்ச்சி முழுவதும் நடைபெற்று, வாற்பேத்தைப் பருவமின்றிச் சிறு தவளையே வெளிவரும். ஆகவே ஓடையும் குளமும் இல்லாத மேட்டுத் தோட்டத்திலும் இவை பெருகக்கூடும். ஆயின் நிழலும் ஈரமுமற்ற இடத்தில் இவற்றின் முட்டைகள் உலர்ந்து கெடும்.

உலகில் அற்றுப்போனவை எனப் பதியப்பட்ட தவளையினங்கள் மிகுந்த நாடு இலங்கையே. 15க்கு மேற்பட்ட இனங்கள் இவ்வாறு பதியப்பட்டுள்ளன. எஞ்சியுள்ளவற்றுட் பல, வேறெந்நாட்டிலும் காணப்படாதவை. ஒரு தோட்டத்தின் ஓரத்திற் காணப்படும் சிறு தவளை, உலகில் அம்மலைத்தொடரில் மாத்திரம் வாழ்வதாக இருக்கலாம்.

பிடிக்குமுன் அறியவேண்டியது

1937ஆம் ஆண்டின் விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும் பின்வந்த திருத்தங்களும் இந்நாட்டுத் தவளைகளுக்குப் பாதுகாப்பளிக்கின்றன. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி அவற்றைப் பிடித்து வைத்திருத்தலும், விற்றலும், பிறநாடுகளுக்கு அனுப்புதலும் கூடா. விளையாட்டுக்காகத் தவளையைப் பிடித்தல் ஆகாது என்பதைச் சிறுவருக்கு அறிவுறுத்தல் பெற்றோர் கடனாகும். காயமுற்ற தவளையைக் கண்டால், அது நலமுறும்வரை மாத்திரம் பேணி, எடுத்த இடத்திலேயே விடுதல் வேண்டும். வேறு ஊருக்குக் கொண்டுசென்று விட்டால், அதன் தோலிலுள்ள நோய் அங்குள்ள தவளைகளுக்கும் பரவும். 1998ஆம் ஆண்டில் இனங்காணப்பட்ட ஒரு பங்கசு நோய் உலகின் பல பாகங்களில் தவளையினங்களை அழித்தமை இதற்குச் சான்றாகும்.

தவளை இரையை அறியும் விதம்

தவளை தன் இரையை அசைவினாலேயே அறிகின்றது. 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து ஆய்வாளரான லெட்வினும் அவருடன் உழைத்தோரும் தவளையின் கண்ணை ஆராய்ந்தனர். சிறிய கரிய பொருளொன்று கண்முன் அசையும்போது, அதனை மூளைக்கு அறிவிக்கும் தனி நரம்பிழைகள் கண்ணில் உண்டென அவர் கண்டனர். அசையாத பூச்சி அருகிற் கிடந்தாலும் தவளை அதனை இரையென்று கொள்ளாது. இறந்த ஈக்களின் நடுவே அது பட்டினி கிடக்கும்.

ஆகவே மரத்தவளைக்கு உயிருள்ள இரையே வேண்டும். சோறு, பாண், பருப்பு, பழம், கீரை என்பன வளர்ந்த தவளைக்கு உணவாகா. இறைச்சித் துண்டை வாயிற் புகுத்துதலும் தீதாகும். தவளையின் தாடை மெல்லியது. பலவந்தமாகத் திறந்தால் முறியக்கூடும்.

ஏற்ற இரைகள்

இரவிற் கிறீச்சிடும் சுவர்க்கோழி, சிறு வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, மயிரற்ற சிறு புழு, சிறு கரப்பான், மண்புழு ஆகியவை ஏற்ற இரைகளாம். ஒரேவகை இரையை நெடுநாள் இடுதல் கூடாது. இயற்கையில் தவளை பலவகைப் பூச்சிகளைத் தின்று பலவகைச் சத்துக்களையும் பெறுகின்றது. மழைக்குப்பின் எழும் ஈசலைத் தவளை விரும்பித் தின்னும். எனினும் அதிற் கொழுப்பு மிகுதியாகையால் இடைக்கிடை கொடுத்தலே போதும்.

பின்வருவனவற்றை இடுதல் கூடாது:

மயிர்க்கொட்டிப் புழு, மட்டத்தேள், கொட்டும் எறும்பு, குளவி ஆகியவை.

மின்மினி. இதன் உடலில் நஞ்சுண்டு. சில பிராணிகள் ஒரு மின்மினியைத் தின்றும் இறந்துள்ளன.

மாட்டுக்கொட்டிலிலும் மலகூடத்திலும் பிடித்த ஈ. இது புழுநோய்களைக் கொண்டுவரும்.

நுளம்புச் சுருள் எரித்த அறையில் விழுந்து துடிக்கும் பூச்சி.

மருந்து தெளித்த பாத்தியிற் பிடித்த எப்பூச்சியும். இதுபற்றிப் பின்னர் விரிவாகக் கூறப்படும்.

இரைக்கு இரையிடுதல்

தவளை வளர்ப்பில் அறியவேண்டிய தலையாய உண்மை ஒன்றுண்டு. தவளை பூச்சியை மெல்லாது முழுமையாக விழுங்குகின்றது. பூச்சியின் வயிற்றில் என்ன இருக்கின்றதோ அதுவும் தவளைக்கு உணவாகின்றது. வெறும் வயிற்றுடன் பல நாள் அடைபட்டுக் கிடந்த சுவர்க்கோழி, தவளைக்கு ஓடும் காலும் மாத்திரமே. நன்கு உண்டு கொழுத்த சுவர்க்கோழியோ சத்துள்ள பொதியாகும். எனவே தவளைக்கு உணவிட விரும்புவோர் முதலில் இரைக்கு உணவிடல் வேண்டும்.

சுவர்க்கோழிகளை வழுவழுப்பான உட்புறமுள்ள வாளியொன்றில் இட்டு, வாயை மெல்லிய துணியாற் கட்டிவைக்கலாம். உள்ளே முட்டைத்தட்டு அட்டைகளை நிறுத்தினால் அவை மறைந்திருக்க இடமாகும். உணவாகத் தவிடும், கரட், பூசணி, முருங்கையிலை, வல்லாரை ஆகியவற்றின் துண்டுகளும் போதும். இவை மருந்து தெளிக்கப்படாதனவாக இருத்தல் அவசியம். நீருக்குக் கிண்ணம் வைத்தால் பூச்சிகள் அதில் வீழ்ந்து மடியும்; உருளைக்கிழங்கு அல்லது கரட் துண்டின் ஈரமே போதுமானது. சிறு சிரட்டையில் ஈரமண்ணை இட்டுவைத்தால் பெண் பூச்சிகள் அதில் முட்டையிடும். அப்புத்தளை போன்ற குளிர்ந்த ஊர்களில் முட்டை பொரிக்க நாட் செல்லும். அடுப்படியின் இளஞ்சூட்டில் வைத்தால் விரைவிற் பொரிக்கும். ஆனால் அங்கு நுளம்புச் சுருள் எரித்தலும் பூச்சிமருந்து விசிறலும் கூடா.

தவளைக்குக் கொடுக்குமுன் ஒருநாள் அல்லது இரண்டு நாட்களுக்குப் பூச்சிகளுக்கு நிறையக் கீரையும் காய்கறியும் கொடுத்தல் வேண்டும்.

வாலுதிர்ந்து கரையேறிய தவளைக்குஞ்சுகளுக்கு மிகச் சிறிய இரை தேவை. கனிந்த வாழைப்பழத் துண்டைப் போத்தலில் இட்டுத் திறந்துவைத்தால், அழுகும் பழத்தை நாடும் சிற்றீக்கள் வந்து சேரும். பின்னர் வாயைத் துணியாற் கட்டிவைத்தால் அவை அதனுள்ளேயே பெருகும்.

சுண்ணச்சத்து

பூச்சிகளின் உடலிற் பொசுபரசு மிகுதி; கல்சியம் எனப்படும் சுண்ணச்சத்துக் குறைவு. தவளையின் எலும்பு உறுதியாக வளர்வதற்கோ, உணவிற் பொசுபரசிலும் பார்க்கச் சுண்ணச்சத்துக் கூடியிருத்தல் வேண்டும். இக்குறையை நீக்காவிடின் தாடை மெலிந்து வளையும், கால்கள் கோணும், உடல் நடுங்கித் துடிக்கும். அடைத்து வளர்க்கப்படும் தவளைகளில் மிகுதியாகக் காணப்படும் நோய் இதுவே.

இதனைத் தடுக்கும் வழி எளிது. கோழிமுட்டை ஓட்டை நன்கு கழுவி, நீரிற் கொதிக்கவைத்து, உலர்த்தி, மாவாக அரைத்து, மெல்லிய துணியில் அரித்தெடுக்கவும். கணவாய் ஓட்டையும் இவ்வாறே மாவாக்கலாம். சிறு கடதாசிப் பையிற் பூச்சிகளையும் ஒரு சிட்டிகை மாவையும் இட்டு மெல்லக் குலுக்கினால் மாவு பூச்சிகளின்மேல் ஒட்டிக்கொள்ளும். உடனே தவளைக்குக் கொடுத்துவிடல் வேண்டும். தாமதித்தால் பூச்சி மாவை உதறிவிடும். குஞ்சுகளுக்கு ஒருவேளை விட்டு ஒருவேளையும், வளர்ந்தவற்றுக்குக் கிழமைக்கு ஒருமுறை அல்லது இருமுறையும் இவ்வாறு செய்தல் போதும்.

வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பை இதற்குப் பயன்படுத்தலாகாது. அது தவளையின் வாயையும் தோலையும் வேகவைத்துவிடும். மண்ணின் புளிப்பை நீக்க இடும் டொலமைற்றும் இதற்கு ஏற்றதன்று.

சுண்ணச்சத்து உடலிற் சேர்வதற்கு உயிர்ச்சத்து டி தேவை. வெயிலிலுள்ள ஊதாக்கடந்த கதிர்கள் உடலில் இதனை உண்டாக்க உதவும். சாதாரணக் கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடும். ஆதலால் யன்னலோரத்துப் போத்தலில் இருக்கும் தவளை வெளிச்சத்தைப் பெற்றாலும் இப்பயனைப் பெறாது. வெயிலேறினால் அப்போத்தலே கொதிகலமாகித் தவளையைக் கொன்றும் விடும். மெல்லிய வலை அடித்த பெட்டியை, இலைநிழலில், காலை வெளிச்சம் படுமாறு வைப்பதே முறை.

அளவும் வேளையும்

இரையின் பருமன் தவளையின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்துக்கு மேற்படலாகாது. பெரிய பூச்சியை விழுங்க முயன்று தவளை திணறும். அல்லது அப்பூச்சியே அதனைக் கடிக்கும்.

மரத்தவளை இரவில் இரைதேடுவது. ஆகவே பொழுதுபட்டபின் இரையிடல் வேண்டும். குஞ்சுகளுக்கு நாள்தோறும் சிற்றிரை வேண்டும். வளர்ந்த தவளைக்கு இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு ஒருமுறை 3 முதல் 5 வரையான பூச்சிகள் போதும். மார்கழி, தை மாதங்களின் குளிரிரவுகளில் தவளையின் உடலும் குளிர்ந்து, சமிபாடு மந்தமாகும். அக்காலத்தில் இரையைக் குறைத்தல் நன்று. கிடைத்ததையெல்லாம் தின்று அசையாதிருக்கும் தவளை கொழுத்து நோயுறும்.

தின்னாது எஞ்சிய பூச்சிகளைக் காலையில் அகற்றிவிடல் வேண்டும். பசித்த சுவர்க்கோழிகள் உறங்கும் தவளையின் தோலையே கடித்துப் புண்ணாக்கும். பெட்டியின் அடியிற் சிறு கற்களையும் பருமணலையும் பரப்பலாகாது. பூச்சியை நாவினாற் பற்றும்போது கல்லையும் சேர்த்து விழுங்கினால் குடல் அடைபடும். ஈரத்துணியோ பெரிய இலைகளோ விரித்தல் போதும். ஏறியிருக்க ஒரு கிளையும் வேண்டும்.

நீரும் தோலும்

தவளை வாயினால் நீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோலினால் நீரை உறிஞ்சுகின்றது. ஆகையால் ஆழமில்லாத அகன்ற தட்டில் நீர்வைத்து நாள்தோறும் மாற்றல் வேண்டும். மழைநீர் சிறந்தது. குளோரின் கலந்த குழாய்நீராயின், அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்துவைத்துப் பின்னரே பயன்படுத்தல் நன்று.

நீரை உள்ளெடுக்கும் தோல், நீரிற் கலந்துள்ள நஞ்சையும் உள்ளெடுக்கும். சவர்க்காரம், உப்பு, புகையிலை, உரம், மருந்து ஆகியவற்றைத் தொட்ட கையினால் தவளையைத் தொடுதல் கூடாது. தொடவேண்டி நேர்ந்தால் கையை நன்னீரில் நன்கு அலசி, ஈரக்கையினால் தொடவேண்டும். தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவல் மனிதரின் நலத்துக்கு அவசியம். தவளையின் உடலில் வயிற்றுநோய்க் கிருமிகள் இருத்தல் கூடும். தவளைப் பெட்டியைச் சமையற்கட்டிற் கழுவுதலும் கூடாது.

வாற்பேத்தையின் உணவு

நுரைக்கூட்டிலிருந்து விழும் வாற்பேத்தை, தாயைப்போல் பூச்சியைப் பாய்ந்து பிடிப்பதில்லை. கல்லிலும் தொட்டிச்சுவரிலும் படரும் பாசியையும், அழுகும் இலையையும் சுரண்டித் தின்னும். தொட்டியிற் பாசி குறைந்தால், மருந்து தெளிக்காத கோவா இலையையோ கீரையையோ வேகவைத்துச் சிறிதளவு இடலாம். மிகுதியாக இட்டால் நீர் அழுகி, வாற்பேத்தைகள் மூச்சுமுட்டி இறக்கும். கால்கள் தோன்றியவுடன் ஏறிக் கரைசேர ஒரு தடியைச் சாய்த்து வைத்தல் வேண்டும். இல்லையேல் புதிய தவளைகள் நீரில் அமிழ்ந்து மடியும்.

இலங்கையிற் சில தவளையினங்களின் வாற்பேத்தைகள் டெங்கு நுளம்பின் முட்டைகளையும் தின்பதாக 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. உடுக்கைக்குறி மரத்தவளையின் வாற்பேத்தையும் அவற்றுள் ஒன்றாகும். ஆகவே தோட்டத்துத் தொட்டியில் நுரைக்கூட்டைக் கண்டால் அதனை அழித்தல் வேண்டியதில்லை. ஆயினும் வாற்பேத்தை உண்டென்று நீர் தேங்கும் பாத்திரங்களை வீட்டைச் சூழ விட்டுவைத்தலும் ஆகாது.

நோயின் அறிகுறிகள்

இரையைக் குறிபார்த்தும் நாவினாற் பற்ற இயலாமை, தாடை தொங்குதல், கால் நடுங்குதல், பகலிலும் நிழலில் ஒடுங்காது வெளியே கிடத்தல், தோல் சிவத்தல் அல்லது மிகையாக உரிதல் ஆகியவை நோயின் குறிகள். நாவின் பசைத்தன்மை குறைவதற்கு உயிர்ச்சத்து ஏ குறைவும் ஒரு காரணமாகும். பலவகை இரைகளை இட்டுவந்தால் இக்குறை நேர்தல் அரிது. நோயுற்ற தவளைக்கு மனிதருக்குரிய மருந்தையோ கோழிகளுக்குரிய மருந்தையோ கொடுத்தலாகாது. மிருக வைத்தியரின் ஆலோசனையைப் பெறுக.

நஞ்சுண்ட இரை

தவளைக்குக் கொடுக்கும் பூச்சியின் வயிற்றிலுள்ளது தவளையைச் சேரும் என மேலே கூறப்பட்டது. அக்கூற்றைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் கமக்காரருக்கு அவசியம்.

மருந்து தெளித்த கோவாப் பாத்தியிற் புழுக்கள் யாவும் அக்கணமே இறப்பதில்லை. சில, நஞ்சுண்டு தளர்ந்து நெளிந்துகொண்டிருக்கும். நெளிவதே தவளைக்கு இரை. நலமுள்ள பூச்சியைவிடத் தளர்ந்த பூச்சி எளிதில் அகப்படும். இவ்வாறு ஓரிரவில் தவளையொன்று நஞ்சேறிய பூச்சிகள் பலவற்றை விழுங்குகின்றது. அதேவேளை பாத்தியின் ஈரத்திலிருந்து தோல்வழியாகவும் நஞ்சை ஏற்கின்றது. பெட்டியில் வளர்ப்பவர் ஒருமுறை செய்யும் பிழையை, மருந்தை மிகையாகத் தெளிக்கும் தோட்டம் இரவுதோறும் செய்கின்றது.

பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர், உடுக்கைக்குறி மரத்தவளையின் வாற்பேத்தைகளைக் கொண்டே இதனைச் சோதித்தனர். குளோர்பைரிபொஸ், டைமெதோவேற்று, கிளைபோசேற்று, புரோப்பனில் ஆகிய நான்கும் தனித்தனியே கலந்த நீரில் வளர்ந்த வாற்பேத்தைகளில், நன்னீரில் வளர்ந்தவற்றிலும் பார்க்கப் பிழைத்தவை குறைவாயிருந்தன. பிழைத்தவற்றிலும் முதுகு கூனுதல், உடல் வீங்குதல் முதலிய ஊனங்கள் காணப்பட்டன. தெளிகருவியை ஓடையிற் கழுவும்போது அவ்வோடையின் வாற்பேத்தைகளுக்கு நேர்வது யாதென்பதை இதனால் உய்த்துணரலாம். அந்நீர் மலையிலிருந்து கீழிறங்கி அடுத்தவர் வயலுக்கும், சிலவிடங்களில் அடுத்தவர் குடத்துக்கும் செல்கின்றது என்பதையும் மறத்தலாகாது.

தோட்டத்திலேயே இரையிடுதல்

ஒரு தவளைக்குப் பெட்டியில் இரையிட எத்துணை உழைப்பு வேண்டுமென்பதை மேலே கண்டோம். பூச்சி பிடித்தல், பூச்சிக்குக் கீரையிடுதல், ஓடு அரைத்தல், நீர் மாற்றல் ஆகிய யாவும் தோட்டத்தில் தாமாகவே நடைபெறுகின்றன. அங்கே தவளை தன் இரையைத் தானே தேடுகின்றது. அவ்விரையிற் கோவாவைத் துளைக்கும் வைரமுதுகு அந்தும், நெல்லின் தண்டு துளைப்பானின் தாய் அந்தும், இலைச்சுருட்டியும், வெட்டுக்கிளியும் அடங்கும்.

தவளை மாத்திரமே பீடைகளை ஒழித்துவிடும் என்று கூறுதல் மிகையாகும். அது நல்ல பூச்சி, தீய பூச்சி எனப் பகுத்து உண்பதுமில்லை. பயிருக்கு உதவும் சிலந்தியையும் சிலவேளை விழுங்கும். எனினும் சிலந்தி, குளவி, தும்பி, பறவை, தவளை ஆகிய யாவும் சேர்ந்து பீடைகளை ஓர் எல்லைக்குள் நிறுத்திவைக்கின்றன. அவற்றுள் ஒன்று குறையுந்தோறும் கமக்காரரின் மருந்துச் செலவு ஏறும்.

அயல்நாடான இந்தியாவின் அனுபவம் இங்கு குறிப்பிடத்தக்கது. அங்கு வயல்களிலிருந்து பெருந்தவளைகளைத் திரளாகப் பிடித்து, அவற்றின் கால்களை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதி செய்துவந்தனர். தவளை குறைந்த வயல்களிற் பூச்சிகள் பெருகுமென்றும், ஏற்றுமதியால் வரும் பணம் மருந்து வாங்கவே செல்லுமென்றும் அறிஞர் எச்சரித்தனர். 1987ஆம் ஆண்டில் இந்திய அரசு அவ்வேற்றுமதியைத் தடைசெய்தது. தவளைகளைப் பிடித்து இழந்தாலும், நஞ்சினால் இழந்தாலும் வயலுக்கு நேரும் நட்டம் ஒன்றே.

ஆதலால் பின்வரும் ஒழுங்குகளைக் கைக்கொள்ளுமாறு கமக்காரர் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்:

1. தோட்டத்தின் ஓரத்திற் சிறு நீர்க்குழியொன்றைப் பேணுக. அதன்மேற் கிளைதாழ்ந்த மரமோ செடியோ நிற்பது நன்று. மரத்தவளை நுரைக்கூட்டை அங்கேயே அமைக்கும். குழியில் தேங்கும் நீரை இடைக்கிடை பார்த்து, வாற்பேத்தையின்றி நுளம்புக் குடம்பிகள் மாத்திரம் காணப்படின் நீரை வடித்துவிடுக.

2. வேலியோரப் புதர்களை முற்றாக வெட்டி எரிக்கற்க. அறுவடைக்குப் பின் வைக்கோலையும் எரிக்காது நிலத்தில் மூடாக்காக இடுக. அதனடியில் ஈரமும் பூச்சியும் தங்கும்; தவளையும் தங்கும்.

3. பீடைகளின் தாக்கம் பொருளாதாரச் சேதமட்டத்தைத் தாண்டிய பின்னரே, ஆலோசனை பெற்று மருந்து தெளிக்குக. நாட்காட்டியைப் பார்த்து ஒழுங்காகத் தெளித்தல் வீண்செலவு. இரண்டு மூன்று மருந்துகளை ஒருங்கு கலத்தலையும் தவிர்க்குக.

4. சுட்டியிற் குறித்த அளவுக்கு மேல் இடற்க. மழை வருமென்று தோன்றும்போது தெளிக்கற்க. நஞ்சு ஓடைக்கே செல்லும்.

5. தெளிகருவியையும் வெற்றுப் போத்தல்களையும் ஓடையிலும் வாய்க்காலிலும் கழுவற்க.

6. வெலிமடைப் பகுதியிற் பெரும்போக நெல்லின்பின் சிறுபோகத்தில் அதே வயலில் உருளைக்கிழங்கு பயிரிடுவோர், இரு பயிருக்கும் இட்ட மருந்துகள் ஒரே மண்ணிலும் ஒரே வாய்க்காலிலும் சேர்வதைக் கருத்திற் கொள்க.

7. பாத்தியின் ஒரு மூலையை மருந்து தெளிக்காது விட்டுப் பார்க்குக. அங்குப் புழுக்களையும் தவளைகளையும் கிழமைதோறும் எண்ணிக் குறித்துவந்தால், எவ்வளவு மருந்து உண்மையில் தேவை என்பது ஓரிரு போகங்களிற் புலனாகும்.

சிறுவருக்குக் கூறவேண்டியது

தவளையைப் பெட்டியில் அடைத்துப் பார்க்கும் ஆவல் சிறுவருக்கு இயல்பு. அவ்வாவலைக் கடிந்து அடக்காது நல்வழிப்படுத்தல் வேண்டும். பொழுதுபட்டபின் அவரைத் தோட்டத்து விளக்கருகே அழைத்துச்சென்று, சுவரில் ஒட்டியிருக்கும் தவளை அந்துப்பூச்சியை எவ்வாறு குறிபார்க்கின்றது, எவ்வளவு நேரம் அசையாதிருக்கின்றது, விழுங்கும்போது கண்களை உள்ளிழுத்து இரையைத் தொண்டைக்குள் எவ்வாறு தள்ளுகின்றது என்பவற்றைக் காட்டலாம். ஓரிரவில் எத்தனை பூச்சிகளைத் தின்றது என்று எண்ணி எழுதச் சொல்லலாம். பெட்டியில் அடைபட்டு இரை மறுக்கும் தவளை இவற்றுள் ஒன்றையும் கற்பிக்காது.

பீடைக் கட்டுப்பாடுபற்றிய மேலதிக விபரங்களை உங்கள் பகுதியின் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடமும், பண்டாரவளையிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்திலும் பெற்றுக்கொள்ளலாம். காயமுற்ற வனவிலங்குகள்பற்றி வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்குக.